142ஆம் பக்கத்தின் அலறல்

மே 4, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். துடைப்பத்தில் பெரிய துண்டுகள்தான் வரும். பொடிக்குச் செய்தித்தாளை நனைத்துத் தரையில் ஒற்றி எடுக்க வேண்டும். மகள் வேனில் வெறுங்காலோடு சமையலறைக்கு வருகிறவள். எல்லாம் எடுத்த பிறகுதான் பால் வைத்தேன். இடது காதில் இன்னும் இரைச்சல்.

பத்து மணிக்குக் கூரியரில், பிழை திருத்துவதற்காகப் புத்தகத்தின் மெய்ப்பு வந்தது. 'நிழலுக்குச் சொந்தக்காரர்: இயக்குநர் பரஞ்சோதியுடன் உரையாடல்கள்.' கீழே, சந்திப்பு: பேராசிரியர் ஞானசுந்தரம். என் கணவரின் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். பரஞ்சோதிக்கு எண்பது தாண்டிவிட்டது. எடுத்தது ஏழே படங்கள்; அவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கல்லூரி விடுமுறை தோறும் இவர் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய் அவரைப் பேசவைத்துப் பதிவுசெய்து வந்தார். கேட்டுத் தட்டச்சு செய்தது நான். மெய்ப்பும் நான்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் முதல் தேதி வெளியீடு. பரஞ்சோதியே வருகிறாராம். நன்றியுரை நான் சொல்ல வேண்டும் என்றார் இவர். நூலாசிரியரின் மனைவி நன்றி சொல்வது இங்கே ஒரு வழக்கம். பாதிக் கூட்டம் செருப்பைத் தேடிப் போன பிறகு, மைக்கை அணைப்பதற்கு முன், ஒரு பெண் வந்து எல்லோருக்கும் கும்பிடு போடுவாள்.

இந்த டைரியை ஒரு காலத்தில் இவர் எடுத்துப் படிப்பார். பென்சிலால் பிழை திருத்துவார். பால் கணக்கும் கேஸ் சிலிண்டரும் தவிர இதில் என்ன இருக்கிறது என்று பிறகு விட்டுவிட்டார். நான்தான் இன்னும் அவர் படிப்பார் என்பதுபோலவே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

எண்பது பக்கம் முடித்தேன். நல்ல புத்தகம். இதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஒரு கிடாவெட்டுக் காட்சிக்காக ஆறு கிடாய்களை வெட்ட வைத்திருக்கிறார் பரஞ்சோதி. ஐந்தாவது வரை தலை அவர் விரும்பிய பக்கம் விழவில்லையாம். இன்னொரு படத்தில் பனையிலிருந்து தவறி விழுந்த சண்டை நடிகருக்குக் காறை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கேமராவை நிறுத்தவில்லை. "எலும்பு உடைவதை நடிக்க முடியாது" என்கிறார். அங்கே இவர் கேட்கிறார்: "அந்த ஓசையைக் கேட்டபோது உங்களுக்குப் பயம் வந்ததா, அல்லது பசி வந்ததா?" பதிவில் மின்விசிறி மட்டும் ஓடுகிறது. பிறகு, பசி என்றார் பெரியவர்.

இப்படி ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவர்...

பக்கம் 77இல் பரஞ்சோதியின் வலது கை, முழுப்பக்கப் படம். கட்டைவிரலுக்குக் கீழே பிறை வடிவில் ஆழமான தழும்பு. லொகேஷன் பார்க்கப் போன இடத்தில் நாய் கடித்தது என்கிறார். இவர் அந்தத் தழும்பைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறார்.

புத்தகத்தில் இல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது. பதிவில் ஓரிடத்தில் வேலைக்கார அம்மா சூடான காப்பியைப் பரஞ்சோதியின் மடியில் கொட்டிவிடுகிறாள். அவர் கத்துகிறார். அவ்வளவு கனத்த குரல்காரரிடமிருந்து மெல்லியதாக, கூர்மையாக, ஒரு கீச்சொலி. அதை எழுத வேண்டாம் என்றார் இவர். அந்தச் சத்தத்தை முன்பே எங்கோ கேட்டிருப்பதுபோல அப்போதே எனக்குத் தோன்றியது.

மே 8, வியாழன்

முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். அக்னி நட்சத்திரம். கடைக்காரர், "ஏதும் விசேஷமாம்மா?" என்றார்.

மே 10, சனி

142ஆம் பக்கத்துக்கு வந்துவிட்டேன். 'மூன்றாம் அடுப்பு' படத்தின் பால் பொங்கும் காட்சி.

படத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. சமையலறை. கேமரா பால் பாத்திரத்தை மட்டும் பார்க்கிறது. கணவன் உள்ளே வருவது காலடியில் தெரிகிறது. அடி விழும் ஓசை. பிறகு அந்த அலறல். யாரையும் காட்டுவதில்லை. பால் பொங்கி, வழிந்து, அடுப்பே அணைந்துபோகும் வரை காட்சி நகராது. இன்னொரு இயக்குநராக இருந்தால் எப்போதோ வெட்டியிருப்பார் என்று எழுதாத விமர்சகர் இல்லை. இவரும் எழுதினார். 'வெட்டப்படாத வலி' என்ற அந்தக் கட்டுரைதான் பரஞ்சோதியிடம் இவரைக் கொண்டு சேர்த்தது.

புத்தகத்தில் பெரியவர் ரகசியத்தை உடைக்கிறார். அப்போதெல்லாம் படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி வழிகாட்டிக்கு மட்டும்தான். பைலட் ட்ராக் என்பார்கள். பிறகு ஸ்டுடியோவில் நடிகர்கள் திரும்பப் பேசுவார்கள். "கதாநாயகி அம்சரேகாவிடம் சொல்லாமல், நிஜமாகவே அடி என்று கணவனாக நடித்த தேவநாதனிடம் சொல்லிவிட்டேன். வந்தது பாருங்கள் ஓர் அலறல். டப்பிங்கில் அவளால் அதைத் திரும்பக் கொடுக்க முடியவில்லை. அதனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் பைலட் ட்ராக்கையே வைத்துவிட்டேன். ஒரு பெண்ணின் உண்மையான வலி தமிழ்ப்படத்தில் ஒலித்தது அந்த ஒரு தடவைதான்."

அடைப்புக்குறிக்குள், சிரிப்பு என்று இருந்தது. நான் தட்டச்சு செய்ததுதான். சிரித்தது இரண்டு பேர்.

கல்யாணமான வருடம் இவர் நடத்திய திரைப்படக் கழகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தோம். இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வரும், கேளு" என்றார். அலறல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கச்சேரி கேட்பதுபோல.

அதன் பிறகு வீட்டில் பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார். "உனக்குச் சத்தமே வராதா? கல்லா நீ?"

வராது. வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ரெஜினா டீச்சர் வீடு. வேனில் குழந்தையாக இருந்தபோது தூங்கிக்கொண்டிருப்பாள்.

மே 12, திங்கள்

குக்கரைத் திறக்கும்போது வேனிலின் உள்ளங்கை முழுக்க ஆவி அடித்துவிட்டது. பக்கத்தில்தான் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரியவே இல்லை. திரும்பிப் பார்த்தால் கையைக் குழாயில் காட்டிக்கொண்டு நிற்கிறாள். தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. உதட்டைக் கடித்திருக்கிறாள். ஒரு சத்தமில்லை.

"கத்தக்கூடாதாடி?" என்று கேட்டேன்.

"நீ கத்துறியா?" என்றாள்.

பதினேழு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோயம்புத்தூரில் விவசாயக் கல்லூரிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இவர் தன் கல்லூரியிலேயே சேர்க்கலாம் என்கிறார், வீட்டிலிருந்தே போய்வரலாமாம். இந்த வீட்டில் இன்னும் மூன்று வருடம் இருந்தால் அவளும் என்னைப்போல் நன்றாகவே கற்றுக்கொண்டுவிடுவாள்.

மே 13, செவ்வாய்

புத்தகத்தில் அம்சரேகாவின் படம் ஒன்றைப் போடுவதற்கு அனுமதி வேண்டும். பொம்பளைக்குப் பொம்பளை நீயே பேசிவிடு என்று எண்ணைக் கொடுத்துவிட்டு இவர் கல்லூரிக்குப் போனார்.

அவர் இப்போது புதுக்கோட்டையில் தங்கை மகன் வீட்டில் இருக்கிறார். அம்சரேகா என்றதும், அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டே பல வருடம் ஆகிறது, அம்சவேணி என்றே சொல் என்றார். படத்தைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சினிமாவில் தனக்கு வந்த ஒரே நல்ல மூக்குத்தி அந்தப் படத்தில் இருப்பதுதானாம், அதையும் தயாரிப்பாளர் திரும்ப வாங்கிக்கொண்டாராம். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 142ஆம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"அடி ஆத்தா. அந்தப் படத்துக்கு எனக்கு விருது குடுத்தாக. எதுக்கு? அந்த ஆளு கத்துனதுக்கு."

புரியவில்லை என்றேன். நிதானமாகச் சொன்னார்.

தேவநாதன் நல்லவன். அடி என்றால் கொசு அடிப்பதுபோல அடித்தான். மூன்று முறை பார்த்துவிட்டு பரஞ்சோதி அவனை வெளியே தள்ளினார். கேமரா பாலைத்தான் பார்க்கிறது, யார் வந்து அடித்தால் என்ன? அவரே உள்ளே வந்தார். முடியைப் பிடித்து இழுத்து ஓர் அறை. இரண்டாவது அறையில் அலமாரி விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. மூன்றாவதற்குக் கை வந்தது.

"வாய்க்கு நேராவே வந்துச்சு. விடுவனா? கவ்விட்டேன். எலும்பு தட்டுற வரைக்கும் விடல. வாயெல்லாம் ரத்தம். எனதா அவனதான்னு தெரியல. அவன் கத்துறான் பாரு, எலிக்குஞ்சு கணக்கா. பால் பொங்கி வழியுது, கேமரா பாட்டுக்கு ஓடுது. கட்டு சொல்ல வேண்டிய வாயி கத்திக்கிட்டுல்ல கெடக்கு."

இவர் கட்டுரையின் தலைப்பு நினைவுக்கு வந்தது. வெட்டப்படாத வலி.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போது சொன்னால் அடுத்த படம் யார் கொடுப்பார்கள், விருதை வேறு வாங்கிவிட்டேன், அந்த ஒரு விருதை வைத்து எட்டு வருடம் சாப்பிட்டேன் என்றார். அதில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. விழாவுக்கு ஓர் அழைப்பிதழ் அனுப்பச் சொன்னார். அந்தக் கையை ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

வைப்பதற்கு முன் கேட்டார். "நீ ஏன் ஆத்தா இம்புட்டு மெதுவாப் பேசுற? பக்கத்துல யாரும் இருக்காகளா?"

இல்லை, தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

"அப்ப பழக்கமா?"

மே 14, புதன்

இவர் போனதும் இரண்டையும் கேட்டேன். காப்பி கொட்டும் இடம். பிறகு படத்தின் அந்த இடம். மறுபடி காப்பி. மறுபடி படம்.

ஒரே தொண்டை. இப்போது வேறு மாதிரி கேட்க முடியவில்லை. இத்தனை வருடம் எத்தனை பேர் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்டிருப்பார்கள். அடிக்கிறவன் கத்துவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மே 4 பதிவைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியைப் பொறுக்கியதுவரை விவரமாக எழுதியிருக்கிறேன். டம்ளர் எப்படி உடைந்தது என்று இல்லை. முந்தின நாள் மாலை இவர் அதை என்மேல் எறிந்தார். தலையைச் சாய்த்துக்கொண்டேன், ஃபிரிட்ஜில் பட்டு உடைந்தது. குறி தப்பிய கோபத்தில் கிட்டே வந்து காதோடு சேர்த்து அறைந்தார். மே 7 அன்று கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை.

அடித்தார். பத்தொன்பது வருடமாக அடிக்கிறார். இந்தச் சொல்லை எந்த வருட டைரியிலும் நான் எழுதியதில்லை.

அம்சவேணிக்கு அழைப்பிதழ் அனுப்பினேன்.

மே 16, வெள்ளி

எழுத முடியவில்லை. பல் வலிக்கிறது.

மே 17, சனி

நேற்று மாலை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மெய்ப்பை முடித்து இவரிடம் கொடுத்தேன். 142இல் மட்டும் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். ஒற்றுப்பிழையா என்றார். இல்லை, அலறல் பரஞ்சோதியுடையது என்று அம்சவேணி அம்மாள் சொன்னதைச் சொன்னேன். இரண்டையும் கேட்டுப் பாருங்கள் என்றேன். மெய்ப்பு பார்ப்பவள் பிழையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். மார்க்கெட் போன கிழவி பொறாமையில் உளறுகிறாள் என்றார். அப்படியே விட்டிருக்கலாம். "ஒருதரம் கேட்டுப் பாருங்க" என்று ஃபோனை நீட்டினேன். ஃபோன் சுவரில் போய் மோதியது. அடுத்தது நான். பின்னந்தலை அலமாரிக் கைப்பிடியில் இடித்தது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. வயிற்றில் முழங்காலால் ஒன்று. என் கட்டுரையைக் கேலி பண்ணுகிறாயா, அந்த மனுஷனைக் கேலி பண்ணுகிறாயா என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. நான் எப்போதும்போல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வேனில் அறையிலிருந்து வந்து நடுவில் நின்றாள். கையில் இன்னும் கொப்புளம். "விடுங்கப்பா" என்றாள், மெதுவாக, என்னைப்போலவே. அவர் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தார். அவள் முழங்கால் மடங்கி விழுந்தாள். ஒரு சத்தமில்லை. என் மகளின் வாய் திறந்திருக்கிறது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பின்னலைப் பிடித்திருந்த கை என் முகத்துக்கு நேராக இருந்தது.

கட்டைவிரலுக்குக் கீழே, சதை தடித்த இடம். தோல் முதலில் வழுக்கியது. பிறகு பல் இறங்கியது. அவர் இடது கையால் என் தலையிலும் கன்னத்திலும் குத்திக்கொண்டே இருந்தார். குத்தக் குத்த இன்னும் இறுகியது. உப்பு. பிறகு ஏதோ கெட்டியாகப் பல்லில் தட்டியது. அவர் அலறினார்.

கல்லூரியில் மைக் இல்லாமல் பேசுகிறவர். அந்தக் குரலா அது? மேலே மேலே ஏறி, நுனியில் உடைந்தது.

விட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வேனில் என்னைப் பார்த்தாள். என் தாடையெல்லாம் ரத்தம். "அம்மா, அது அப்பாவா?" என்றாள். சத்தமாகக் கேட்டாள்.

இன்று காலை ரெஜினா டீச்சர் வந்தார். இவர் மருந்துக்கடைக்குப் போகும்வரை காத்திருந்து வந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்றார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நேத்து சாயங்காலம் நீங்க கத்துனது கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரரு வந்து கதவத் தட்டலாம்னாரு. நாந்தான் குடும்ப விசயம்னு தடுத்துட்டேன். ராத்திரி தூக்கமே இல்ல. இனிமே அப்படி ஒண்ணுன்னா உடனே வந்துருவோம்."

அவர் கண் கலங்கியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் இந்தச் சுவரைத் தாண்டிய முதல் அலறல். அதற்கு நான் கண்ணீர் வாங்குகிறேன்.

"டீச்சர், கத்துனது நான் இல்ல" என்றேன்.

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். மெல்லப் புரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பிப் போகும்போது அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

மே 20, செவ்வாய்

டாக்டரிடம் நாய் கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். வளர்ப்பு நாயா, தெரு நாயா என்று டாக்டர் கேட்டாராம். தெரு நாய் என்றிருக்கிறார். அப்படியானால் வெறிநாய்க்கடிக்கான ஊசியை முழுவதும் போட்டே ஆக வேண்டும். காயத்தைச் சுற்றியே முதல் ஊசி. இன்று இரண்டாவது. சொன்ன பொய்யிலிருந்து இறங்க வழியில்லாமல் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறார். கல்லூரியில் எல்லோரும் விசாரிக்கிறார்களாம். முதல்வர் மாநகராட்சிக்குப் புகார் எழுதச் சொன்னாராம்.

சாப்பாடு இடது கையில் ஸ்பூனால். சாம்பாரை நானே ஊற்றினேன்.

நாலு நாளாக என்மேல் கை வைக்கவில்லை. இன்று தட்டை நகர்த்திவிட்டு, என்னைப் பார்க்காமல், அமைதியாகச் சொன்னார். "விழா முடியட்டும்."

வேனிலுக்கும் கேட்டது.

மே 27, செவ்வாய்

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. 142ஆம் பக்கம் அப்படியே இருக்கிறது. ஒற்றுப்பிழைகள் மட்டும் திருத்தப்பட்டிருக்கின்றன. அட்டை நன்றாக வந்திருக்கிறது, தழும்புக் கை.

அம்சவேணி அம்மாள் பேசினார். பஸ்ஸில் வருகிறாராம், முன்வரிசையில் இடம் வேண்டுமாம், காது சரியாகக் கேட்பதில்லையாம்.

ஜூன் 1, ஞாயிறு

முதலில் தலைக்குக் குளித்தேன். பிறகு பச்சைப் பட்டு. அரைக்கை ரவிக்கை. மேல்கையில் கன்றியிருந்த இடம் மஞ்சளாகிவிட்டது, மூடவில்லை.

இவர் கண்ணாடி முன் நின்று ஏற்புரையைச் சொல்லிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கட்டுப்போட்ட கையைத் தூக்குகிறார். "இந்த நூலின் அட்டையைப் பார்த்தீர்கள். அந்த மாமனிதரின் கையில் ஒரு நாய் பதித்த முத்திரை. புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் அதே இடத்தில் என்னையும் ஒரு நாய் கடித்தது. இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்கு வேண்டுமா?" இங்கே கொஞ்சம் நிறுத்துகிறார், கைத்தட்டலுக்கு. கட்டாயம் தட்டுவார்கள். நல்ல வரி.

நன்றியுரையை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பதினான்கு பெயர்கள். கைப்பைக்குள் வைத்தேன். அதே பையில் வேனிலின் மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், கோயம்புத்தூரிலிருந்து வந்த கடிதம், என் எம்.ஏ. பட்டம், இந்த டைரி. வேனிலிடம், விழா முடிந்ததும் கரூரில் சித்தி வீட்டுக்குப் போகலாம், இரண்டு சுடிதார் எடுத்து வை என்று மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு சுடிதார் எடுத்து வைத்திருக்கிறாள்.

ரெஜினா டீச்சரும் வீட்டுக்காரரும் வருகிறார்கள். நன்றியுரை முடிகிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போவோம் என்றார் டீச்சர். அவருக்கு ஏதோ சந்தேகம். ஆனால் அவரிடமும் சொல்லவில்லை. வேனிலிடமும் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கப்போகும் அம்சவேணி அம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

வாசலில் கார் வந்து நிற்கிறது. இவர் கூப்பிடுகிறார்.

மைக் என் கைக்கு வந்ததும் அந்தப் பதினான்கு பெயர்களுக்கு முன்னால், கடைசி வரிசைவரை கேட்கும்படி, நான் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை முடிவு செய்துவிட்டேன்.

பெரியோர்களே, எங்கள் வீட்டில் நாய் கிடையாது. கடித்தது நான்.